பார்ப்பதற்கு ஒரு பாம்பு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. பரந்தனில் தங்கையின் வீட்டு விறாந்தையில் இருந்தபோது ரொறன்ரோவிலிருந்து மருமகன் அழைத்தான். நலம் விசாரிப்புகள் முடிந்ததும் சற்றுத் தயங்கினான்.

"மாமா, ஒரு விசர்க் கேள்வி. சிரிக்கக் கூடாது."

அவனுடைய மகனுக்குப் பதினொரு வயது. பிறந்தநாளுக்குப் பாம்பு வேண்டுமாம். கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் பாம்பு.

"கையிலை தூக்கி விளையாட இல்லையாம் மாமா. இருந்து பாக்கவாம். பாக்கிறதுக்கு நல்ல பாம்பு எது எண்டு கேக்கிறான். நீங்கள் இவ்வளவு காலம் பேப்பரிலை எழுதினனீங்கள், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்."

குசினியிலிருந்த தங்கைக்கு இது கேட்டுவிட்டது. "இஞ்சை நாங்கள் பாம்பைக் கண்டால் தடி தேடுறம். அங்கை காசு குடுத்து வாங்கி வீட்டுக்கை விடப் போறியளோ?" என்று உள்ளே இருந்தபடியே சத்தமிட்டாள்.

மருமகனிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் பழைய நூல்களைப் புரட்டியபோது, அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி புதியதன்று என்பது விளங்கியது. பார்ப்பதற்கு எந்தப் பாம்பு என்பதை மனிதர் நெடுங்காலமாகவே தீர்மானித்து வந்துள்ளனர். தெருவில் ஒருவிதமாகவும், மிருகக்காட்சிசாலையில் வேறுவிதமாகவும், வீட்டுக் கூடத்தில் இன்னொரு விதமாகவும் அத்தெரிவு நடந்திருக்கிறது. ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விலை இருந்தது. பெரும்பாலும் அதனைப் பாம்பே செலுத்தியது.

பரந்தன் பாம்புகளுக்கு ஏற்ற நிலம். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி இது. வடக்கே ஆனையிறவு, தெற்கே கிளிநொச்சி, இடையில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள். நெல் உள்ள இடத்தில் எலி. எலி உள்ள இடத்தில் பாம்பு. நல்லபாம்பு, புடையன், சாரை, வெங்கணாந்தி, சுருட்டை, எட்டடி விரியன், கொம்பேறிமூக்கன், கண்குத்தி என்று எங்கள் மூத்தோரிடம் பெயர்களுக்குக் குறைவில்லை. கண்டாவளைப் பகுதியிலுள்ள புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனி உத்தரப் பொங்கல் என்றால் வன்னியின் நாலா பக்கங்களிலுமிருந்து சனம் திரளும். நாகத்தைத் தெய்வமாகக் கும்பிடுவதும், முற்றத்தில் கண்டால் அடிப்பதும் எங்களிடையே அருகருகே வாழும் இரு வழக்கங்கள். கும்பிடுபவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அடிப்பவருக்குப் பார்க்க நேரமில்லை. நின்று பார்த்தல் என்ற மூன்றாவது வழக்கம் எங்களிடம் மிக அரிது.

இவ்விடத்தில் என் தொழில் சார்ந்த குறையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு நெருங்கிய பத்திரிகை வாழ்வில் 'பாம்பு தீண்டி விவசாயி பலி' என்ற தலைப்பில் எத்தனை ஒற்றைப் பத்திச் செய்திகளை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இறந்தவரின் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, வைத்தியசாலை, மரண விசாரணை எல்லாம் அவற்றில் இருக்கும். எந்தப் பாம்பு என்பது மட்டும் இராது. நான் கேட்டதில்லை. ஆசிரியபீடத்தில் எவரும் என்னிடம் கேட்டதுமில்லை. பாம்பு என்றால் பாம்புதான்.

அந்த அலட்சியத்தின் பொருள் 2010ஆம் ஆண்டளவில் என் உறவினர் ஒருவரின் வடிவில் வந்து சேர்ந்தது. போர் முடிந்து மக்கள் திரும்பிக்கொண்டிருந்த காலம். 1996இலும் பின்னர் 2008, 2009இலும் ஊரே எழுந்து சென்ற மண் இது. ஆளற்றுக் கிடந்த வளவுகளில் பற்றை மண்டியிருந்தது. அவர் தம் காணியைத் துப்புரவாக்கும்போது, சருகிற்குள் தடித்த குட்டையான பாம்பொன்று கிடக்கக் கண்டார். மண்ணிறத்தில் கரும்புள்ளிகள். வெங்கணாந்திக் குட்டி என்று எண்ணி மண்வெட்டிப் பிடியால் ஒதுக்கினார். அது கணுக்காலில் தீண்டிவிட்டது. விஷமற்ற பாம்புதானே என்று இரண்டு மணி நேரத்தை வீட்டிலேயே கழித்துவிட்டார். முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கி, கண் இமைகள் தாமாகச் சரியத் தொடங்கிய பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். கடித்தது புடையன். சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பல நாட்கள் படுக்கையில் கிடந்து, உயிர் தப்பி வந்தார்.

புடையனையும் இளம் வெங்கணாந்தியையும் குழப்புவது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய தவறன்று. இந்தியாவிலும் அடிக்கடி நேர்வதுதான். ஆனால் ஒருமுறை ஆறுதலாகப் பார்த்தவருக்கு அந்தக் குழப்பம் வராது. புடையனின் முதுகில் முத்திரை குத்தியதுபோல் வட்ட அல்லது நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசைகளாக, ஒழுங்காகச் சங்கிலிபோல ஓடும். வெங்கணாந்தியின் திட்டுகளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. தேசப்படத்தில் நாடுகள் கிடப்பதுபோலக் கோணல்மாணலாகக் கிடக்கும். இந்த வேறுபாட்டை என் உறவினர் தம் ஐம்பது வயது வரை அறிந்திருக்கவில்லை. வயலில் பிறந்து வளர்ந்தவர் அவர். பாம்புகளை ஆயிரம் தடவை கண்டிருப்பார், பார்த்ததில்லை.

பாம்பைப் பார்ப்பதற்கென்றே மக்கள் கூடிய மிகப் பழைய இடம் பாம்பாட்டியின் கூடைதான். இலங்கையில் இத்தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசும் ஒரு நாடோடிச் சமூகத்தினர். சிங்களத்தில் அகிகுண்டிக்க என்றும் தமிழில் குறவர் என்றும் அழைக்கப்பட்ட அவர்கள் பின்னர் சில கிராமங்களில் நிலையாகக் குடியமர்ந்தனர். அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பை அவற்றுள் ஒன்று. கூடைக்கு அவர்கள் தெரிந்தெடுத்தது பெரும்பாலும் நல்லபாம்பைத்தான். காரணம் வெளிப்படை. மூடியைத் திறந்ததும் எழுந்து நின்று படம் விரிக்கும் பாம்பு அதுவே. சாரையைக் கூடையில் வைத்தால் மூடி திறந்த கணமே ஓடிவிடும். புடையன் சுருண்டு கிடந்து சீறும், ஆடாது.

ஆனால் நல்லபாம்பும் ஆடுவதில்லை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. நில அதிர்வையும் சில தாழ்ந்த ஒலிகளையும் அது உணரும் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். மகுடியின் இராகத்தை அது இரசிப்பதில்லை. கண்முன் அசையும் மகுடியைத் தன்னைத் தாக்க வரும் ஒன்றாகக் கொண்டு, அதன் போக்கிற்கேற்பத் தன் தலையைத் திருப்புகிறது. நாம் நடனம் என்று பார்த்தது அதன் அச்சத்தை. பல பாம்பாட்டிகள் நச்சுப்பற்களைப் பிடுங்கினார்கள். சிலர் வாயையும் தைத்தார்கள். அத்தகைய பாம்பு உண்ண முடியாமல் சில வாரங்களில் மடியும். பிறகு இன்னொன்று பிடிக்கப்படும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தொழிலைச் சட்டவிரோதமாக்கியது. ஏழைகள் பலரின் சீவனோபாயமும் அதனுடன் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாம்பை வீட்டில் வைத்திருந்த கதையும் இலங்கைக்குப் புதியதன்று. 1845ஆம் ஆண்டு முதல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வீதிகள் அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னர் தமக்கு எழுதிய செய்தியொன்றை அதில் சேர்த்திருக்கிறார். நீர்கொழும்புக்கு அண்மையில் வீட்டில் பெருந்தொகைப் பணம் வைத்திருந்த செல்வந்தர் ஒருவர், நாய்களுக்குப் பதிலாக நல்லபாம்புகளைக் காவலுக்கு வைத்திருந்தாராம். அவை விரும்பியபடி வீட்டுக்குள் வந்து போகுமாம். வீட்டாரை அவை ஒன்றும் செய்வதில்லையாம். திருடர்களுக்கு மட்டும் பெரும் அச்சமாம்.

இந்தச் செய்தியை எத்தனை வீதம் நம்புவது என்பது வாசகர் விருப்பம். பாம்புக்கு வீட்டுக்காரனையும் திருடனையும் பிரித்தறியும் ஆற்றல் உண்டு என்று நான் எண்ணவில்லை. ஆனால் அந்த வீட்டாருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பாம்பை மிதிக்காமலும் மிரட்டாமலும் இருந்தால் அது தன் பாட்டில் போகும் என்பது. அதைத் தெரிந்துகொள்ள, தினமும் பார்த்திருக்க வேண்டும். கூடைப் பாம்பைப் பார்த்த கூட்டத்தைவிட அந்த நீர்கொழும்பு வீட்டின் வேலைக்காரர்கள் நல்லபாம்பைப் பற்றி அதிகம் அறிந்திருப்பார்கள்.

ரெனன்றுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியே இன்னொருவர் பாம்புகளை உற்றுநோக்கத் தொடங்கியிருந்தார். பற்றிக் ரசல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் விசாகப்பட்டினத்தில் இருந்தவர். அவருடைய இந்தியப் பாம்புகள் பற்றிய நூல் 1796ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரித்தானியர் கொழும்பைக் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். நச்சுப் பாம்பு எது, நச்சில்லாதது எது என்று மக்கள் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்பது அவரது நோக்கங்களுள் ஒன்று. எங்கள் புடையனுக்கு இன்று உலகம் வழங்கும் ஆங்கிலப் பெயரில் அந்த வைத்தியரின் பெயரே இருக்கிறது. என் உறவினர் கால்பக்கத்தில் கண்ட புள்ளிகளை அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வண்ணப்படமாக்கி வைத்திருந்தார்.

கூடையிலிருந்து கண்ணாடிக்குப் பாம்பு மாறியது இலண்டனில். 1849ஆம் ஆண்டு இலண்டன் மிருகக்காட்சிசாலை ஊர்வனவற்றுக்கென்று ஒரு தனி இல்லத்தைத் திறந்தது. உலகில் அத்தகையது அதுவே முதலாவது. கண்ணாடி இருந்ததால், கடிபடும் அச்சமின்றி நச்சுப் பாம்பின் முகத்துக்கு எதிரே முகத்தை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பொதுமக்களுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் கைவைப்பவனுக்குக் கண்ணாடி உதவாது. 1852 ஒக்ரோபரில் கேர்லிங் என்ற காவலாளர் மது மயக்கத்தில் நல்லபாம்பொன்றை வெளியே எடுத்து விளையாடினார். அது மூக்கில் தீண்டியது. அன்றே அவர் இறந்தார். பாம்பைப் பார்ப்பதற்கும் பாம்போடு காட்சி காட்டுவதற்கும் இடையிலான வேறுபாட்டை இலண்டன் அன்று கற்றிருக்க வேண்டும்.

அதே மிருகக்காட்சிசாலை 1927இல் புதிய ஊர்வன இல்லமொன்றைத் திறந்தது. அதனை வடிவமைப்பதில் முன்னின்றவர் ஜோன் புறொக்டர் என்ற பெண்மணி. ஊர்வனப் பிரிவுக்கு அவரே பொறுப்பாளர். பார்வையாளர் நிற்கும் கூடத்தை இருட்டாக்கி, பாம்புகளின் கூடுகளுக்குள் மட்டும் ஒளி விழச் செய்தார். ஒவ்வொரு கூட்டிலும் வெவ்வேறு வெப்பநிலை பேண ஏற்பாடு செய்தார். வெயில் காயவும் ஒதுங்கவும் இடமிருந்தால்தான் பாம்பு தன் இயல்பில் இருக்கும்; இயல்பில் இருந்தால்தான் பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும். இன்று வீடுகளில் வைக்கும் கண்ணாடித் தொட்டிகளுக்கும் இதே விதிதான்.

எங்கள் நாட்டின் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் ஒரு வியாபாரத்திலிருந்தே பிறந்தது. ஐரோப்பாவுக்கு விலங்குகளை ஏற்றுமதி செய்த ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மானியர் 1920களில் அங்கு சேர்த்து வைத்த விலங்குகளே அதன் அடித்தளம். அந்தக் கம்பனி கலைக்கப்பட்டபோது, 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. பல்கலைக்கழக நாட்களில் நண்பர்களோடு அங்கு போனது நினைவிருக்கிறது. பெரிய மலைப்பாம்பின் கூட்டின் முன்னே கூட்டம் நெரிசலாக நின்றது. பாம்பு உறங்கியது. உணவு உண்ட மலைப்பாம்பு பல நாட்கள் அசையாது கிடக்கும் என்பது எங்களுக்கோ கூட்டத்துக்கோ தெரியாது. ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். இன்னொருவர் பலமாகத் தட்டினார். ஐந்து நிமிடத்தில் ஏமாற்றத்தோடு எல்லோரும் நகர்ந்தனர். நானும் தட்டினேன்.

பக்கத்துச் சிறு கூட்டில் பச்சைப் பாம்பொன்று கொப்பில் தொங்கியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒருவரும் நிற்கவில்லை.

பாம்புக் காட்சியைப் பாடசாலையாக மாற்றிய இடம் சென்னை. ரொமுலஸ் விற்றேக்கர் அமெரிக்காவில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்தவர். அவர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972இல் கிண்டியில் நிலைகொண்டது. அவருக்குக் கைகொடுத்தவர்கள் இருளர் என்னும் பழங்குடியினர். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்று வாழ்ந்தவர்கள் அவர்கள். 1970களின் நடுப்பகுதியில் இந்தியா பாம்புத்தோல் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது அவர்களின் அடுப்பு அணைந்தது. 1978ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது அதன் பின்னர்தான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அச்சங்கம் இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, நஞ்சை எடுத்து, பிறகு பிடித்த காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நஞ்சு எடுப்பதைப் பார்வையாளர் படிக்கட்டில் அமர்ந்து பார்க்கலாம். இங்கு பாம்பு ஆடுவதில்லை. எவரும் மகுடி ஊதுவதுமில்லை. இருந்தும் ஒருவரும் எழுந்து போவதில்லை.

அந்த நஞ்சிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு நேர்ப்பாதை உண்டு. இலங்கை வைத்தியசாலைகள் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வந்த நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் செய்யப்பட்டது. நல்லபாம்பு, எட்டடி விரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது அது. அந்த மருந்து செய்யும் இந்திய நிறுவனங்களுக்கு நஞ்சு வழங்கும் முதன்மையான இடம் இருளர் சங்கம். பிரதேசத்துக்குப் பிரதேசம் நஞ்சின் கூறுகள் மாறுவதால் இலங்கைக்கென்று தனி மருந்து வேண்டும் என்று எங்கள் ஆய்வாளர்கள் நீண்டகாலமாகக் கூறி வருகின்றனர். அது நியாயமான கோரிக்கை. 2012, 2013ஆம் ஆண்டுகளை உள்ளடக்கி இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும் 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. என் உறவினரின் உடலில் அன்று ஏறிய மருந்தும் கடல் கடந்தே வந்தது. பாம்பைப் பார்க்கத் தெரிந்த யாரோ ஒருவரின் கையில்தான் அது தொடங்கியிருக்க வேண்டும்.

இனி வீட்டுக் கூடத்துக்கு வருவோம். மருமகனின் மகன் கேட்ட கேள்வி அங்கேதான் எழுந்தது. வட அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பு கடந்த அரை நூற்றாண்டில் பெரு வாணிபமாக வளர்ந்தது. கடைகளில் அதிகம் விற்பவற்றுள் மேற்கு ஆபிரிக்காவின் சிறு மலைப்பாம்பு ஒன்று. மிரட்டினால் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். அதனால் அதற்குப் பந்துப் பாம்பு என்றே பெயர். சாதுவானது, அழகானது, நூறு நிறங்களில் வளர்த்தெடுக்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் ஒளிந்திருக்கும். சில வேளை மாதக்கணக்கில் உணவைத் தொடாது. இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. பதினொரு வயதுச் சிறுவன் வாங்கினால் அவனுடைய பிள்ளைகள் அதற்கு எலி போட வேண்டி வரலாம்.

பெரிதாக, பார்ப்போர் வியக்க வேண்டும் என்று விரும்பியவர்கள் பர்மிய மலைப்பாம்பை வாங்கினார்கள். கைக்குள் அடங்கும் குட்டி சில ஆண்டுகளில் பத்து, பன்னிரண்டு அடியாகும். வைத்திருக்க முடியாதவர்கள் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவையும் உண்டு. அங்கு அவை பெருகி, முயல், ரக்கூன் போன்ற சிறு விலங்குகளை ஏறக்குறையத் துடைத்தெடுத்தன. 2012இல் அமெரிக்கா அந்த இனத்தின் இறக்குமதியைத் தடைசெய்தது. 2017 ஜனவரியில் அவற்றைத் தேடிப் பிடிக்கப் புளோரிடா அரசு அழைத்தது யாரை? தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளரை. முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். அவர்கள் கையில் இருந்தது ஓர் இரும்புக் கம்பி, மற்றதெல்லாம் கண். சருகின் மடிப்பையும் மண்ணின் தேய்வையும் எச்சத்தையும் வாசிக்கும் கண். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கியது. பார்க்கத் தெரியாமல் வாங்கியவர்கள் விட்டெறிந்ததை, பார்க்கத் தெரிந்தவர்கள் வந்து எடுத்துக் கொடுத்த கதை அது.

ஒரு வாரம் கழித்து மருமகனுக்கு என் பதிலைச் சொன்னேன். பார்ப்பதற்குப் பாம்பு வேண்டுமென்றால் அளவையும் நிறத்தையும் முதலில் மறந்துவிட வேண்டும். பகலில் விழித்திருக்கும் இனமா என்று பார். கண்ணால் இரை தேடும் இனமா என்று பார். அடிக்கடி உண்ணும் இனமா என்று பார். அது அடிக்கடி அசையும். மண்ணுக்குள் புதைந்திருக்கும் பாம்பும் இரவில் மட்டும் வெளிவரும் பாம்பும் எத்துணை அழகாயினும் உன் மகனுக்குக் காட்டப்போவது வெறும் மண்ணும் மரப்பட்டையுமே.

இந்த மூன்றுக்கும் பொருந்துவது அவனுடைய ஊர்ப் பாம்புதான். கார்ட்டர் பாம்பு என்று அங்கு சொல்வார்கள். இரண்டு, மூன்று அடி நீளம், முதுகில் நீளக் கோடுகள், பகலில் ஓடித்திரியும். மண்புழு, மீன், தவளை உண்ணும். கண்ணாடிக்கு வெளியே ஆள் அசைந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும். குறைகளும் உண்டு. அடிக்கடி கழிக்கும், மணக்கும், பிடித்தால் நாற்றமான திரவத்தைப் பூசும். ஊர்வனவற்றைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாவிட்டால் வயிற்று நோய் வரும். காட்டில் பிடித்ததை வாங்காதே. வளர்ப்பகத்தில் பிறந்ததை வாங்கு. உன் நகரச் சட்டத்தையும் முதலில் கேட்டறிந்துகொள்.

"இன்னொண்டும் இருக்கு" என்றேன். கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடம் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் சுண்ணாம்புக் கற்குகைகளில் உறங்கும் கார்ட்டர் பாம்புகள் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் பல்லாயிரக்கணக்கில் வெளியே வரும். மக்கள் மரமேடையில் நின்று பார்ப்பார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது நசிபடாமலிருக்க வீதியின் கீழே சிறு சுரங்கவழிகளும் அமைத்திருக்கிறார்கள். "தொட்டி வாங்கிறதுக்கு முதல் பெடியனை அங்கை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ. பிறகும் வேணும் எண்டால் வாங்கு."

"நல்ல தூரம் மாமா" என்றான். "யோசிப்பம்" என்றும் சொன்னான். என்ன முடிவெடுத்தான் என்று இன்னும் அறிவிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்று சிலர் எண்ணலாம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் காட்டுயிர்களைப் பிடித்து வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அது நல்லதே. ஆனால் பார்ப்பதற்குப் பாம்பைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை. பரந்தனில் தொட்டி தேவையில்லை, வேலியே போதும்.

வயல் வரம்பில் இரண்டு சாரைகள் பின்னிப் பிணைந்து, இடுப்புயரத்துக்கு எழுந்து எழுந்து விழுவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்பர். வேட்டியை அதன்மேல் போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்பர். அவை இரண்டும் சாரைகளே; இரண்டும் ஆண்களே. பெண்ணுக்காக நடக்கும் மல்யுத்தம் அது. ஒன்றையொன்று கடிப்பதில்லை, தலையை அழுத்திக் கீழே சாய்ப்பவன் வென்றவன். உலகின் எந்தக் கண்ணாடிக் கூட்டிலும் எளிதில் காணமுடியாத காட்சி எங்கள் வரம்பில் இலவசமாக நடக்கிறது. எலி தின்று நெல்லைக் காக்கும் அந்தப் பிராணியைத்தான் நீளத்தைக் கண்டு அஞ்சி நாங்கள் அதிகம் அடித்துக் கொல்கிறோம்.

கொம்பேறிமூக்கனுக்கும் பழி உண்டு. தீண்டிவிட்டு, சுடலை மரத்தில் ஏறியிருந்து பிணம் எரியும் புகை வருகிறதா என்று பார்க்குமாம். உண்மையில் அது ஓணானையும் தவளையையும் துரத்தும் நஞ்சில்லாப் பாம்பு. பார்ப்பது எங்கள் வேலையாக இருக்க, அதையும் பாம்பின் மேல் சுமத்திவிட்டோம்.

எனக்கு ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால் கண்குத்தியைத்தான் தெரிந்தெடுப்பேன். தெஹிவளையில் நான் நின்று பார்க்காமல் விட்டது அதுதான். கொடிபோல மெலிந்த பச்சை உடல், கூரிய மூக்கு, கிடையாக நீண்ட கண்மணி. பாம்புகளில் இப்படிப்பட்ட கண் மிக அரிது. மூக்கின் இரு பக்கத்துப் பள்ளங்களூடாக இரு கண்களாலும் முன்னே பார்த்து இரையின் தூரத்தை அளக்கும். காற்றில் இலை ஆடினால் தானும் அந்த அளவுக்கு ஆடும். காற்று நின்றால் நிற்கும். அதன் மெல்லிய நஞ்சு ஓணானுக்குப் போதும், மனிதனைக் கொல்லாது. கண்ணைக் குத்தும் என்பது பெயரால் வந்த பழி.

தங்கையின் கிளுவை வேலியில் அப்படியொன்று இருக்கிறது. அந்த வாரம் முழுவதும் காலையில் பத்து அடி தள்ளிக் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஓர் ஓணானைப் பிடித்தது. ஓணான் அடங்கும்வரை கழுத்தைப் பற்றியபடியே தலைகீழாகத் தொங்கியது. விழுங்கி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. தடியோடு வந்த தங்கை என் கதிரைக்குப் பின்னால் நின்றுவிட்டாள். தடி கையிலேயே இருந்தது, ஆனால் ஓங்கவில்லை.

"உது கடியாதோ அண்ணை?"

"பிடிச்சால் கடிக்கும். சாகடிக்காது."

"அப்ப புடையன் எப்பிடி இருக்கும்? நான் இன்னும் வடிவாப் பாத்ததில்லை."

புள்ளிகளின் மூன்று வரிசையை மண்ணில் விரலால் கீறிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தேத்தண்ணீர் ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.